மார்பு ஆப்பரேஷனுக்குப் பிறகும் மனம் நிறையவில்லையா?

ஆண்களுக்கு மார்பு பெருத்துப்போகும் கைனகோமாஸ்டியாவுக்கு ஆப்பரேஷன் செய்துகொண்டு, கட்டுப் பிரித்த பிறகு கண்ணாடியைப் பார்த்து "இதுக்கா இவ்வளவு காசு?" என்று நொந்துபோன ஆண்களுக்காக எழுதுகிறேன். நானும் ஒருவன். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. வலது பக்கம் நன்றாகத் தட்டையானது. இடது காம்புக்குக் கீழே ஒரு பள்ளம், அதை ஒட்டிக் கெட்டியாக ஒரு மேடு.

பிடிக்காதது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். "நல்லா வரலை டாக்டர்" என்று போய் நின்றால், "பொறுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். எனக்கும் அதுதான் கிடைத்தது. வீக்கமா, கட்டியா, பள்ளமா, தொங்கும் தோலா, தழும்பா? ஒவ்வொன்றுக்கும் ஆறும் காலமும் வேறு, வைத்தியமும் வேறு.

வீக்கம் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் வடியும், மிச்சம் போக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். காம்புக்கடியில் தட்டுப்படும் கெட்டி பல பேருக்குப் புண் ஆறும்போது உண்டாகும் திசுதான், மெல்ல மெல்ல இளகும். தோலும் கொஞ்சம் சுருங்கும். தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நம் நிறத்துத் தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். அதனால் புண் மூடியதும் சிலிக்கான் ஜெல் போடலாமா என்று கேளுங்கள். தடித்துவிட்டால் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு.

பள்ளம் மட்டும் வேறு கதை. காம்புக்கு அடியில் மார்புச் சுரப்பியை அளவுக்கு மீறி எடுத்துவிட்டாலோ, தோல் உள்ளே தசையோடு ஒட்டிக்கொண்டாலோ அது விழும். காத்திருந்தால் மட்டும் நிரம்பாது. ஒட்டியதை விடுவித்து, வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்து அங்கே நிரப்புவார்கள். அதில் ஒரு பகுதியை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் இரண்டாம் முறையும் தேவைப்படலாம். எப்படியும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்துத்தான் கை வைப்பார்கள். உள்ளே இளகாத இடத்தை வெட்டினால் புதுச் சிக்கல்தான் வரும்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று உப்புவது, சூடு, சீழ், காய்ச்சல் இவற்றுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

போட்டோ மாதம் ஒரு முறை போதும்: அதே சுவர், அதே பகல் வெளிச்சம், முன்னாலும் இரு பக்கமும். குளியலறை விளக்கு தலைக்கு மேலிருந்து அடிப்பதால் சின்னப் பள்ளத்தையும் குழியாகக் காட்டும், அங்கே எடுக்காதீர்கள். ஆப்பரேஷனுக்குப் பிறகு மார்பை அழுத்திப் பிடிக்கப் போடச் சொல்லும் இறுக்கமான வெஸ்ட் இந்த வெயிலில் பெரிய தொல்லை, அதுவும் கிளீன் ரூம் உடைக்குள்ளே கேட்கவே வேண்டாம். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுங்கள். அரிப்பு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாகக் கழற்றி வீசாதீர்கள்.

தைப்பூசத்துக்குச் சட்டையில்லாமல் தண்ணீர்மலை ஏற வேண்டும் என்று நாள் குறித்துத்தான் பலர் ஆப்பரேஷனுக்கே போகிறோம். தேதிக்குள் மார்பு சரியாகவில்லை என்றால் ஏமாற்றம் இரட்டிப்பாகும். பால்குடத்தைத் தலையில் பிடித்துக் கையை உயர்த்தியே நடப்பதும் ஆறாத மார்புக்கு ஆகாது, டாக்டர் சரி என்ற பிறகு ஏறுங்கள். நான் தோளில் துண்டோடு ஏறினேன். தெரிந்த அத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "இளைச்சிட்டியே தம்பி, ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" என்றார். அவ்வளவுதான் அவர் கண்ணில் பட்டது!

மறுபடி டாக்டரைப் பார்க்கும்போது போட்டோக்களைக் கொண்டு போங்கள். லைபோசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) மட்டுமா, சுரப்பியையும் வெட்டினார்களா, எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்று கேளுங்கள். திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையையும் வாங்குங்கள். தசை வளர்க்க ஜிம்மில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு, முடி கொட்டாமலிருக்க எடுக்கும் ஃபினாஸ்டரைடு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மருந்துகள் எதையும் மறைக்காதீர்கள். மிச்சமிருக்கும் சுரப்பி இவற்றால் மறுபடி வளரலாம். திருத்த ஆப்பரேஷன் என்று பேச்சு வந்தால் டாக்டர் கட்டணம், மயக்க மருந்து, அறைச் செலவு எது யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நான் நம்பமாட்டேன். வேறொரு டாக்டரின் கருத்தும் கேட்கலாம், அவர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். ரகசியமாகச் செய்தவர்களுக்குப் புலம்பக்கூட ஆளிருக்காது. கண்ணாடி முன்னாலேயே பொழுது போகிறது, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் மனநல ஆலோசகரிடம் போங்கள். நடுராத்திரி என்றாலும் மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 எண்ணில் பேசலாம்.

என் மேடு இளகிவிட்டது. பள்ளம் இருக்கிறது, விரலால் தடவினால்தான் தெரிகிற அளவுக்கு. கொழுப்பு நிரப்ப விலை கேட்டு வைத்திருக்கிறேன், இந்த வருடம் செய்வதாக இல்லை.