பெர்லின் முற்றுகை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்லின் என்றதும் நம்மில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது சுவர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியையும் பெர்லினையும் சோவியத் ஒன்றியம், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கும் பகிர்ந்து ஆண்டன; சோவியத் ஒன்றியம் நகரின் மேற்குப் பகுதிகளுக்கான தரைவழிகளை அடைக்க, மற்ற நாடுகள் விமானத்தில் பொருள்களை அனுப்பின. 1948 ஜூன் 24 முதல் 1949 மே 12 வரை நீடித்த இந்த முற்றுகையைப் பற்றி எழுத முற்படுவோரும் அந்தச் சுவரின் நிழலில் நின்றே எழுதுகிறார்கள். இந்த நிகழ்வைப் பற்றிய பிழைகளில் பல அங்கிருந்துதான் பிறக்கின்றன. சுவர் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13 அன்று, அதாவது முற்றுகை விலகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. சோவியத் ஒன்றியம் சுவர் கட்டி நகரை அடைத்ததால்தான் விமானத்தில் உணவு போனது என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வதை முதலில் கைவிட வேண்டும்.

நிலப்படத்திலும் இதே தடுமாற்றம் உண்டு. பெர்லின் நகரம் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவிலிருந்த எல்லைக்கோட்டின்மேல் இருந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது சோவியத் மண்டலத்துக்குள் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் கிடந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றின் பொறுப்பிலிருந்த மூன்று பகுதிகளும் சேர்ந்து ஒரு தீவைப் போல் நின்றன. மேலும், முற்றுகையிட்டது கிழக்கு ஜெர்மனி என்று எழுதக் கூடாது. அப்படியொரு நாடு அப்போது இல்லை. பதிலடி கொடுத்தது மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ என்றும் எழுதக் கூடாது. அந்த ஒப்பந்தம் 1949 ஏப்ரல் 4 அன்றுதான் கையெழுத்தானது.

இவற்றைவிட ஆழமான தவறு, ஏற்கெனவே இரண்டாகப் பிளந்து கிடந்த நகரம் முற்றுகையிடப்பட்டது என்று கொள்வது. 1948 ஜூன் மாதத்தில் பெர்லினில் நான்கு ராணுவப் பகுதிகள் இருந்தாலும், நகர மன்றம் ஒன்றே, நிர்வாகம் ஒன்றே. முந்தைய ஆண்டில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எர்ன்ஸ்ட் ராய்ட்டரைச் சோவியத் தரப்பு ஏற்க மறுத்ததால், லூயிசே ஷ்ரோடர் என்ற பெண்மணி பொறுப்பு மேயராக நகர் முழுமைக்கும் பணியாற்றிக்கொண்டிருந்தார். முற்றுகையின் நடுவே, செப்டம்பரில், கிழக்குப் பகுதியிலிருந்த மன்றக் கட்டடத்துக்குள் கம்யூனிஸ்ட் ஆதரவுக் கூட்டம் புகுந்து கூட்டங்களைக் குலைத்தபின் பெரும்பான்மை உறுப்பினர்கள் மேற்குக்கு இடம்பெயர்ந்தனர்; நவம்பர் 30 அன்று கிழக்கில் தனி நிர்வாகம் அமைந்தது; டிசம்பர் 5 அன்று மேற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகவே, பிரிந்த நகரத்தின்மேல் முற்றுகை வந்தது என்பதைவிட, முற்றுகைக் காலத்தில்தான் நகரம் பிரிந்தது என்பதே பொருத்தம்.

'முற்றுகை' என்ற சொல்லும் நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. கோட்டையைப் படை சூழ்ந்துகொள்ள, உள்ளே ஒரு குருவியும் நுழைய முடியாத காட்சியை அது கண்முன் கொண்டுவருகிறது. பெர்லினில் அடைபட்டவை மேற்கு மண்டலங்களிலிருந்து வந்த சாலைகள், ரயில் பாதைகள், நீர்வழிகள். கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. ஆனால் நகரின் உள்ளே, ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு மக்கள் போய்வந்துகொண்டிருந்தனர். கிழக்கில் பொருள் வாங்கி வருவதும், கள்ளச்சந்தையும் ஓயவில்லை. கிழக்கில் பதிவு செய்துகொண்டால் உணவுப் பங்கீடு தருவதாகச் சோவியத் தரப்பே அறிவித்தது. மிகப் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் விமானத்தில் வந்ததை மட்டுமே உண்டு உயிர் பிழைத்தனர் என்ற கதை, வீரத்துக்கு அழகு சேர்த்தாலும் வரலாறாகாது.

காரணத்தைக் கூறும்போது டாய்ச் மார்க் நாணயத்தை மட்டும் சுட்டிவிட்டு நகர்வதும் போதாது. ஜூன் 20 அன்று மேற்கு மண்டலங்களில் அந்த நாணயம் புழக்கத்துக்கு வந்ததும், சில நாள்களில் அது மேற்கு பெர்லினிலும் நுழைந்ததும் திரியில் நெருப்பு வைத்தன. வெடிமருந்து முன்பே நிரம்பியிருந்தது. மேற்கு மண்டலங்களை இணைத்து ஒரு ஜெர்மன் அரசை உருவாக்க லண்டனில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மார்ச் 20 அன்றே சோவியத் பிரதிநிதி, நான்கு நாடுகளும் சேர்ந்து ஜெர்மனியை ஆண்ட அமைப்பான நேச நாடுகளின் கட்டுப்பாட்டு மன்றத்திலிருந்து வெளியேறிவிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் ராணுவ ரயில்களுக்குச் சோதனையும் தடையும் தொடங்கின.

சாலையை மூடியவர்கள் வானை ஏன் மூடவில்லை என்ற கேள்விக்கு, அணுகுண்டுக்கு அஞ்சினர் என்று ஒரே வரியில் விடையளிப்பது வழக்கம். அணுகுண்டு அப்போது அமெரிக்காவிடம் மட்டுமே இருந்தது என்பது உண்மை. (இரு அணுவல்லரசுகள் மோதின என்று எழுதுவோர், சோவியத் ஒன்றியத்தின் முதல் சோதனை 1949 ஆகஸ்டில்தான் நடந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.) ஆனால் விடையின் மற்றொரு பாதி ஒரு காகிதத்தில் இருக்கிறது. தரைவழிப் போக்குவரத்துக்கு எழுத்து வடிவில் உறுதியான உடன்பாடு இருக்கவில்லை. வான்வழிக்கோ, தலா 32 கிலோமீட்டர் அகலமுள்ள மூன்று பாதைகளை 1945 நவம்பர் 30 அன்று நான்கு நாடுகளும் ஏற்றிருந்தன. அவற்றைத் தடுக்க வேண்டுமானால் விமானத்தைச் சுட வேண்டும். அந்தப் பழியைச் சுமக்க ஸ்டாலின் விரும்பவில்லை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய பெர்லின் வான் பாதுகாப்பு மையத்தில் சோவியத் அதிகாரிகள் முற்றுகைக் காலம் முழுவதும் மற்ற மூன்று நாடுகளின் அதிகாரிகளோடு அமர்ந்து பணியாற்றினர் என்பது, எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு தருவது.

ஜெர்மானியர் வான்பாலம் என்றழைக்கும் அந்த முயற்சியை அமெரிக்கச் சாதனையாக மட்டும் வருணிப்பதும், குழந்தைகளுக்கு மிட்டாய் வீசிய அமெரிக்க விமானி கெயில் ஹால்வர்சனோடு நிறுத்திவிடுவதும் பரவலாகக் காணப்படுகின்றன. சரக்கில் ஏறக்குறைய கால் பங்கைப் பிரிட்டன் சுமந்தது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க விமானிகளும் பறந்தனர். பிரெஞ்சுப் பகுதியில் டேகல் விமான நிலையத்தைச் சுமார் மூன்று மாதங்களில் எழுப்பியவர்கள் ஆயிரக்கணக்கான பெர்லின்வாசிகள், அவர்களில் பெண்கள் ஏராளம். செயல்முறையைச் சீர்ப்படுத்திய அமெரிக்கத் தளபதி வில்லியம் டன்னர், போர்க்காலத்தில் அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு அனுப்பிய பணியில் தேர்ந்தவர். விமானங்கள் கொண்டுவந்தது பெரும்பாலும் உணவு என்பதும் பிழை. எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. மொத்தம் 23 லட்சம் டன் என்று மேற்கோள் காட்டும்போது, அது அமெரிக்கக் குறு டன் (சுமார் 907 கிலோ) கணக்கு என்பதையும், மெட்ரிக் டன்னில் ஏறத்தாழ 21 லட்சமே ஆகும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

முடிவைப் பற்றியும் ஒரு சொல். விமானங்களின் திறமைக்கு மட்டுமே சோவியத் தரப்பு பணிந்தது என்பது பாதிக் கதை. மேற்கு நாடுகள் விதித்த எதிர்த்தடையால் மேற்கு ஜெர்மனியின் தொழில்வளம் மிக்க ரூர் பகுதியின் நிலக்கரியும் எஃகும் கிடைக்காமல் சோவியத் மண்டலத்தின் தொழில்கள் தவித்தன. ஐ.நா. வட்டாரத்தில் அமெரிக்கத் தூதர் ஜெசப்பும் சோவியத் தூதர் மாலிக்கும் நடத்திய மறைமுகப் பேச்சுதான் கதவைத் திறந்தது. மே 12 அன்று சாலைகள் திறந்தபோதும் விமானங்கள் நிற்கவில்லை. மீண்டும் அடைப்பு நேரலாம் என்ற ஐயத்தில் கையிருப்பைச் சேர்த்தபடி செப்டம்பர் 30 வரை பறந்தன. அதற்கு ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 7 அன்றுதான், கிழக்கு ஜெர்மனி என்ற நாடு பிறந்தது.