“ஆர்ட்ஸ் காலேஜா?”: சின்ன அமெரிக்கக் கல்லூரியைத் தட்டிப் பார்த்து எடுப்பது எப்படி

என் மகள் ‘லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்’, அதாவது கலை, அறிவியல் எல்லாம் கலந்து படிக்கும் சின்ன அமெரிக்கக் கல்லூரி, என்று பேச்செடுத்த அன்றைக்கே திருச்சியிலிருந்து அண்ணன் போன் செய்தார். “ஏண்டா, புள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் கிடைக்கலையா?” நியூ ஜெர்சியில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டும் எனக்கும் உள்ளூர அதே சந்தேகம்தான்.

நம்மூர் ஆர்ட்ஸ் காலேஜை மனசில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. பிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ் எல்லாம் இங்கேயும் உண்டு. இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ், அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் கிரின்னல் காலேஜில் 1949-ல் பட்டம் வாங்கியவர். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் இளங்கலை மட்டும்தான். லேபில் பி.எச்.டி. மாணவர் கிடையாது என்பதால் ஆராய்ச்சி வேலை பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் கைக்கு வருகிறது. பாடத்தை எடுப்பதும் பேப்பரைத் திருத்துவதும் பேராசிரியரே.

எனக்கு இது ஏன் பெரிதாகப் பட்டது என்றால், நான் இன்ஜினியரிங் படித்த வகுப்பில் அறுபது பேர். நாலு வருஷமும் நான் ரோல் நம்பர் 37. எம்.எஸ். அப்ளை செய்தபோது சிபாரிசுக் கடிதத்தை நானே டைப் அடித்து எடுத்துப்போனேன். ஹெச்.ஓ.டி. படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

சரி, சின்னக் கல்லூரி என்றால் எல்லாமே நல்லதா? இல்லை. சோதிக்க வேண்டும்.

முதலில் கல்லூரிப் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள்; கல்லூரிகள் ஒரே மாதிரிப் படிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரம் அது. பளபளப்புப் புத்தகத்தில் வராத எண்ணெல்லாம் அதில் இருக்கும். மாணவர்-ஆசிரியர் விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அதை எல்லோரும்தான் பெருமையடிக்கிறார்கள். ‘ஐ’ பகுதியில் 2-9 பேர், 10-19 பேர் என்று வகுப்பளவு பிரித்திருக்கும். 50-க்கு மேல் எத்தனை வகுப்பு என்று பாருங்கள். ‘பி’ பகுதியில், முதல் வருஷப் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் இரண்டாம் வருஷம் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கு. அது இறங்கியிருந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அடுத்தது, என் மகளே கண்டுபிடித்த வழி. பாடப் பட்டியலில் இருக்கும் எல்லாமே நடத்தப்படுவதில்லை. சின்ன டிபார்ட்மென்டில் ஒரு பேராசிரியர் லீவில் போனால் அந்தப் பாடம் அந்த வருஷம் இல்லை. கடைசி நாலு செமஸ்டர் டைம்டேபிளைத் தேடி எடுத்து, வேண்டிய பாடம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினாள். ஒரு கல்லூரியை அங்கேயே அடித்துவிட்டாள்.

கேம்பஸ் டூரில் காலத்தைக் கழிக்காதீர்கள். பின்பக்கமாக நடந்துகொண்டே பேசும் அந்தப் பையன் நல்ல பையன்தான், ஆனால் காட்டுவது ஜிம்மையும் மெஸ்ஸையும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் வகுப்பில் உட்கார விடுவார்கள். நாங்கள் ஒரு நவம்பரில் டெ மொயினில் இறங்கி, ஒரு மணி நேரம் கார் ஓட்டி கிரின்னல் போனோம். வரலாற்று வகுப்பு, மேசையைச் சுற்றிப் பதினாலு பேர். ஒரு பெண், “அந்த இடத்துக்கு அர்த்தம் அது இல்லைன்னு நினைக்கிறேன்” என்றாள். பேராசிரியர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, “எந்த வரி, காட்டு” என்று அவள் பக்கம் புத்தகத்தைத் தள்ளினார். பத்து நிமிஷம் அந்த ஒரு வரியிலேயே போனது. பின்வரிசை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது வரமா வதையா என்று நீங்களே யோசியுங்கள்.

எல்லோரும் எடுத்தே ஆக வேண்டிய பாடம் கிரின்னலில் ஒன்றே ஒன்று: ‘டியூட்டோரியல்’ என்ற முதல் வருஷச் சிறு வகுப்பு. அதை நடத்துபவரே, மேஜர் (முக்கியப் பாடம்) முடிவாகும்வரை பிள்ளைக்கு வழிகாட்டியும்.

பணம். மொத்தச் செலவு பல இடங்களில் வருஷம் 80,000 டாலரைத் தாண்டும். அதைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். நிஜமாக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போட, ஒவ்வொரு கல்லூரி தளத்திலும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கும். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்றவை மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. கிரின்னல் இரண்டும் தருகிறது. இந்தியாவிலிருந்து நேராக விண்ணப்பிப்பவர்களுக்கு விதி மாறலாம், தனியாகக் கேளுங்கள். கல்லூரியின் கஜானாவையும் விசாரியுங்கள். 1868-ல் தொடங்கிய வெல்ஸ் காலேஜ், 2024 ஏப்ரலில் அறிவித்து அந்த செமஸ்டரோடு மூடிவிட்டது.

இன்ஜினியரிங்தான் என்று பிள்ளை முடிவோடு இருந்தால், ஸ்வார்த்மோர், ஸ்மித் மாதிரி அதைத் தரும் சில இடங்களை மட்டும் பாருங்கள். ‘3-2’ திட்டம், அதாவது இங்கே மூன்று வருஷம், வேறு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் என்றால், போன ஐந்து வருஷத்தில் நிஜமாக எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். ஐந்து வருஷ ஃபீஸ் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

மகள் இப்போது கிரின்னலில் இரண்டாம் வருஷம். போன மாதம் சம்மர் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டாளாம். பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் முதல் செமஸ்டரில் எழுதிய கட்டுரையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுதித் தந்தார். “உங்க காலத்துல எப்படிப்பா?” என்றாள். சொன்னேன்.

“அப்பா, அது ஃபோர்ஜரி இல்லையா?”

“கையெழுத்து அவரோடதுதாம்மா.”