வகுப்பு முடிந்ததும் காருக்கு ஓடாதீர்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை வளாகம் இருக்கும் கொலம்பஸ் தவிர லைமா, மான்ஸ்ஃபீல்ட், மேரியன், நியூவர்க் ஊர்களிலும் சிறிய வளாகங்கள் உண்டு. கட்டணம் அங்கே குறைவு. 30 கிரெடிட்டும் (படித்து முடித்த பாடங்களுக்கான அலகு) 2.0 ஜிபிஏவும் (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) எடுத்தால் கொலம்பஸுக்கு மாறிக்கொள்ளலாம். சில துறைகள் கூடுதல் மதிப்பெண் கேட்கும், அதனால் ஆலோசகரை முதல் பருவத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மேரியன் மாதிரி இடத்தில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் கார்கள் கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். இரண்டு வகுப்புக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு மணி நேரம் விட்டு அட்டவணை போடுங்கள். அந்த நேரத்தில் பேராசிரியரின் அறைக்குப் போங்கள். தப்பாகப் போட்ட கணக்கை மேசையில் வைத்தால், பென்சிலும் கையுமாக வரி வரியாகப் பார்த்துச் சொல்வார். பின்னால் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது உங்கள் முகம் அவருக்கு நினைவிருக்கும். இதற்காகவே சின்ன வளாகத்தில் சேரலாம் என்பேன்.

அப்புறம், பனிக்காலம். காரில் ஒரு கம்பளி, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட ஒரு சுரண்டி, சாப்பாட்டு டப்பா. புறப்படும் முன் உங்கள் வளாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். கொலம்பஸ் திறந்திருந்தாலும் உங்களுக்கு விடுமுறை விட்டிருக்கலாம்.