பக்கெட் உரம், வெங்காயத்தாள், பாட்டில் தொட்டி: புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு

மூன்றில் முதலில் தொடங்க வேண்டியது மக்கு உரம். அது தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும். பக்கெட்டை இன்றே வைத்துவிட்டால், அது மக்கும் நேரத்தில் மற்ற இரண்டையும் செய்து பார்க்கலாம்.

பக்கெட்டில் மக்கு உரம்

வேண்டியவை: மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட், அகலமான தட்டு, இரண்டு செங்கல், ஒரு சாக்கு நிறையக் காய்ந்த சருகு. சருகு கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டியையோ செய்தித்தாளையோ சிறிதாகக் கிழித்துப் போடலாம். வழவழப்பான வண்ணத்தாளும் டேப் ஒட்டிய அட்டையும் வேண்டாம்.

1. பக்கெட்டின் அடியில் எட்டுத் துளை, சுற்றிலும் பதினைந்து இருபது துளை போடுங்கள். 6 மி.மீ. அகலம் போதும். ஆணியைச் சூடாக்கிக் குத்துவதானால் புகை வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

2. தட்டில் செங்கற்களை வைத்து அதன்மேல் பக்கெட்டை நிறுத்துங்கள். வடியும் நீர் தட்டில் சேரும்.

3. அடியில் ஐந்து செ.மீ. உயரத்துக்குச் சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் சருகு, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்த மண்ணிலேயே இருக்கின்றன. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

4. அன்றாடம் சேரும் காய்கறி, பழக் கழிவை 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு. கழிவு வெளியே தெரியாதபடி சருகால் மூடுவது முக்கியம்.

5. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கம்பால் அடிவரை கிளறிவிடுங்கள்.

இறைச்சி, எலும்பு, பால், எண்ணெய் சேர்ந்த உணவு ஆகியவற்றைப் போடாதீர்கள். இவை நாறும், எலியை வரவழைக்கும். முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கிப் போட்டால் உரம் தயாரான பிறகும் துண்டு துண்டாக அப்படியே கிடக்கும். காயவைத்து மாவாக அரைத்துப் போடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேயிலைச் சக்கையை அலசிவிட்டுப் போட்டால் எறும்பு வராது.

பாதியில் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் சருகைக் குறைத்தவர்கள்தாம். காய்கறிக் கழிவில் நீரும் நைட்ரஜனும் அதிகம். சருகு கார்பனைத் தருகிறது, இடையிடையே காற்றுப் போக வழியும் விடுகிறது. காற்று அடைபட்டால் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அழுகிய முட்டை நாற்றம் வருவது அதனால்தான். சருகைக் கூட்டிக் கிளறினால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடித்தால் நைட்ரஜன் மிஞ்சிவிட்டது என்று பொருள். அதற்கும் சருகுதான் மருந்து.

ஈரத்தைக் கையால் பாருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். ஒன்றும் வராமல் உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் பூசணம் படர்வது இயல்பு. பழ ஈ மொய்த்தால் மேலே உள்ள சருகு மூடாக்கு போதவில்லை. பருத்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். பார்க்கச் சகிக்காதுதான், ஆனால் கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, விட்டுவிடுங்கள்.

பக்கெட் நிறைந்ததும் புதிதாகப் போடுவதை நிறுத்தி, ஆறு முதல் எட்டு வாரம் அவ்வப்போது கிளறி மட்டும் வாருங்கள். கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணைப் போல மணந்தால் சலித்து எடுக்கலாம். அரைகுறையாக மக்கியதைச் செடிக்குப் போடாதீர்கள். மக்கும் வேலை தொட்டிக்குள் தொடர்ந்து, செடிக்குச் சேரவேண்டிய நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும்.

வெங்காயத்தாள்

வேரோடு 3–4 செ.மீ. வெள்ளைத் தண்டை விட்டு மேலே நறுக்கிக்கொள்ளுங்கள். சின்ன டம்ளரில் வேர் மட்டும் நனையும்படி ஒரு செ.மீ. தண்ணீர். தண்டு முழுவதையும் மூழ்கவைத்தால் வழவழத்து அழுகும். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். மூன்றாம் நாளே பச்சை எட்டிப் பார்க்கும். ஆனால் அது தண்டில் சேமித்திருந்த சத்தில் வளர்வது. தண்ணீரிலேயே விட்டால் அடுத்தடுத்த முறை மெலிந்துபோகும். ஒரு வாரத்தில் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

கேரட் தலையை நட்டால் கேரட் வரும் என்று சில காணொளிகள் காட்டும். வருவது இலை மட்டும்தான்.

தானே நீர் உறிஞ்சும் பாட்டில் தொட்டி

இரண்டு லிட்டர் பாட்டிலை வாயிலிருந்து 12 செ.மீ. கீழே குறுக்காக வெட்டுங்கள். மூடியில் 8 மி.மீ. துளையிட்டு, பழைய பனியன் துணியில் 25 செ.மீ. நீளப் பட்டை கிழித்து நுழைத்துவிடுங்கள். இதுதான் தண்ணீரை மேலே ஏற்றும் திரி. உள்ளே 10 செ.மீ., மீதி வெளியே. மூடியை மாட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துக் கீழ்பாதிக்குள் செருகுங்கள். பாட்டில் வாய்க்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள்; திரியின் நுனி அடியைத் தொடவேண்டும்.

நிரப்ப, மக்கு உரமும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி. உரம் தயாராகும்வரை கடையில் கிடைக்கும் உரத்தை எடுத்துக்கொள்ளலாம். வெறும் களிமண் இறுகி, வேருக்குக் காற்று கிடைக்காது. கலவையைப் போடும்போது திரியை நடுவில் நிமிர்த்திப் பிடியுங்கள். முதல் தடவை மேலிருந்து ஊற்றி முழுக்க நனைத்துவிடுங்கள்: காய்ந்த கலவையில் திரி தண்ணீரை ஏற்றாது. "திரி வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டவர்கள்.

கீழ்பாதியில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை மீதி நீரைக் கொட்டி மாற்றுவது கட்டாயம், இல்லையென்றால் கொசு உற்பத்தியாகும். பருத்தித் திரி சில மாதத்தில் இற்றுப்போகும், அப்போது புதிது போடுங்கள். மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் படிந்தால் கீழ்பாதியைக் காலி செய்து, மேலிருந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

தக்காளிக்கு இந்தத் தொட்டி போதாது. புதினா நன்றாக வரும். சமையலுக்கு வாங்கியதில் 10 செ.மீ. தண்டாகத் தேர்ந்து, கீழ் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளி, அந்தக் கணுக்கள் புதையும்படி நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும். முதல் பத்து நாள் நேர்வெயில் வேண்டாம். 15 செ.மீ. வளர்ந்ததும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே நறுக்கினால், அங்கிருந்து இரண்டு கிளை பிரியும்.