சின்ன நாற்காலியில் உட்கார வையுங்கள்

மழலையர் வகுப்புக்கு ஆதரவு திரட்ட நான் நடத்திய முதல் கூட்டத்தில் 40 நிமிடம் மூளை வளர்ச்சி பற்றிப் பேசினேன். பின்வரிசையில் ஒருவர் தூங்கியே விட்டார். தப்பு என்னுடையதுதான்.

அடுத்த முறை பேச்சைக் குறைத்து, வந்தவர்களை வகுப்புக்கே கூட்டிப் போனேன். நீங்களும் அதையே செய்யுங்கள். ஐந்தாறு பேர் போதும். சின்ன நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். நான்கு வயதுக் குழந்தை மரக்கட்டைகளை எண்ணிக்கொண்டே அடுக்குவதையும், "இப்போ உன் முறை" என்று பக்கத்துக் குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதையும் பார்த்த பிறகு, "சும்மா விளையாட்டுதானே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (சரி, ஒருவர் சொன்னார். அவர் எதற்கும் அப்படித்தான்.)

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஆதாரம் வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெரி பாலர் பள்ளி ஆய்வைச் சொல்லுங்கள். ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகளை 40 வயது தாண்டியும் பின்தொடர்ந்தார்கள். போகாதவர்களோடு ஒப்பிட்டால், பாலர் பள்ளிக்குப் போனவர்களில் அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கைதானதும் குறைவு. சிறிய ஆய்வு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிராளி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் நீங்களே பேசாதீர்கள். வேலைக்குப் போகும் அம்மா, ஒன்றாம் வகுப்பு ஆசிரியர், பேரனைக் கொண்டுவந்து விடும் தாத்தா பேசட்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "இந்த வகுப்புக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும்" என்பதுபோல. "கல்வியை ஆதரியுங்கள்" என்றால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.