வினையைக் கணக்குப் பார்க்காதீர்கள்: தியானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தியானத்தில் உட்காருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, கண்ணை மூடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வினை இன்னது, பற்று விடுவது இன்னது என்று மனத்தில் ஏற்கெனவே ஓர் எண்ணம் ஊறியிருக்கும். அதைச் சரிபார்க்காமல் உட்கார்ந்தால், எத்தனை வருடம் போனாலும் அந்த எண்ணம்தான் வளரும்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அந்த எண்ணம் பெரும்பாலும் பேரேட்டு வடிவில் வருகிறது. குறிப்பிலும் பேரேட்டிலும் எழுதாமல் ஒரு காசு நகராத வீடுகள் இவை. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்தவர்களை நிமிர்த்தி வைத்தது அந்த ஒழுங்குதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் வினைக்கும் அதே முறையில் ஐந்தொகை, அதாவது வரவையும் பற்றையும் நேர் பார்க்கும் கணக்கு, போடுகிறார்கள். "கோயில் திருப்பணிக்குக் கொடுத்தோம், அன்னதானம் போட்டோம், பழைய பாவம் நேராகியிருக்கும்" என்பார்கள். கொடுத்தது நல்ல காரியம். நேராகிவிடும் என்று நினைப்பதில்தான் பிழை. புண்ணியத்தின் பலனும் வரும், பாவத்தின் பலனும் வரும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது. பிராயச்சித்தம் என்று தனியே ஒன்று சொல்வார்கள். அது வேறு பேச்சு. விடுதலைக்கு நல்வினையும் ஒரு கட்டுதான் என்பதால்தான் நம் நூல்கள் இரண்டையும் சேர்த்து 'இருவினை' என்கின்றன.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு பிழையும் உண்டு. சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்றொரு நிலை சொல்லப்படுகிறது. நல்வினையும் தீவினையும் எடையில் சமமாகும் நாள் என்று பலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அப்படியானால் அது தானாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதானே? நல்வினையின் பலனான இன்பம் வரும்போது துள்ளாமலும், தீவினையின் பலனான துன்பம் வரும்போது துவளாமலும், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் மனப்பக்குவமே இருவினையொப்பு. நம் வேலை அந்தப் பக்குவத்தில் இருக்கிறது. கூட்டிக் கழிப்பதில் இல்லை.

வினையை மூன்றாகப் பிரிப்பார்கள். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்து வந்தது பிராரத்தம். இப்போது செய்து ஏற்றிக்கொள்வது ஆகாமியம். ஞானம் வந்தால் சஞ்சிதம் எரிந்துவிடும், ஆகாமியம் ஒட்டாது, ஆனால் பிராரத்தம் உடல் இருக்கும்வரை ஊட்டியே தீரும் என்பது வேதாந்தமும் சித்தாந்தமும் பொதுவாகச் சொல்வது. நமக்கு அடுத்த திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணருக்குக் கடைசிக் காலத்தில் இடது கையில் கட்டி வந்தது. நான்கு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். அவருக்கே அப்படியென்றால், தியானம் செய்தால் நோய் வராது, தொழில் முடங்காது என்று எதை வைத்து எதிர்பார்க்கிறோம்?

இதைவிடக் கொடியது, அடுத்தவர் துன்பத்துக்கு வினையைக் காரணம் காட்டுவது. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு "ஏதோ முன் ஜென்ம வினை ஆச்சி" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வினைக் கொள்கை நம் செயலுக்கு நாம் பொறுப்பேற்பதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் வலியை விளக்குவதற்கு அதை எடுக்காதீர்கள். அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோங்கள், பக்கத்தில் இருங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

சரி, இப்போது உட்கார்ந்தாயிற்று. சிறிது நேரம் மூச்சு அடங்குகிறது. அப்புறம் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சண்டை திடீரென்று மேலே வருகிறது. வளவு வீட்டுப் (பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடு) பங்குப் பேச்சில் பங்காளி ஒருவர் சொன்ன சொல், அவர் நின்ற இடம், அன்று எரிந்த அதே வயிறு. உடனே "எனக்குத் தியானம் வரவில்லை" என்று எழுந்துவிடுகிறார்கள். நடந்தது நேர்மாறானது. ஓர் அனுபவம் மனத்தில் பதிவை விட்டுப் போகிறது. அந்தப் பதிவு நினைவாகிறது, நினைவு விருப்பாகவோ வெறுப்பாகவோ ஆகிறது, அது செயலாகிறது, அந்தச் செயல் மறுபடி அதே பதிவை ஆழமாக்குகிறது. வாசனை என்று பெரியவர்கள் சொல்வது இந்தச் சுற்றைத்தான். பகல் முழுக்க வேலைச் சத்தத்தில் அது தெரிவதில்லை. மனம் கொஞ்சம் அமைதியானதும் தெரிகிறது.

அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் வழுக்கும். ஒன்று, நினைவை அடக்கப் போராடுவது. போராட்டமே அதற்கு வலு கொடுக்கும். இன்னொன்று, அதன் பின்னால் போய்ப் பங்காளிக்கு மனத்துக்குள்ளேயே பதில் சொல்லி வாதத்தில் ஜெயித்துவிட்டு வருவது. போன பிறவியில் அவர் எனக்கு யாரோ என்று துருவுவதும் இதே வகைதான். செய்ய வேண்டியது சின்ன விஷயம். கோபம் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது, உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பார்ப்பது, மூச்சுக்குத் திரும்புவது. வெறுப்புக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதில் நிற்கப் பழகினால் சுற்று அங்கே தளர்கிறது. எழுந்தபின் அன்று மாலையே அந்தப் பங்காளிக்குப் போன் போட்டுச் சண்டையைப் புதுப்பித்தால், பழைய பதிவின் மேல் இன்னொன்று.

பற்றின்மையைப் பற்றிய குழப்பம்தான் குடும்பங்களை அதிகம் வதைக்கிறது. செட்டிநாட்டு வணிகரான நகரத்தார் பூர்வீகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகராக வாழ்ந்தவர் பட்டினத்தார் என்பதால், இங்கே துறவு என்றாலே அவர் பெயர்தான் வரும். வீட்டைக் கவனிக்காதவரும் அவரைத்தான் காட்டுகிறார். ஆனால் அவர் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அத்தனையும் துறந்தவர், தாய் இறந்தபோது வந்து நின்று, பச்சை வாழை மட்டையை அடுக்கித் தன் கையால் கொள்ளி வைத்தார், கதறிப் பாடினார். அக்கறையை விடுவது பற்று விடுவது ஆகாது. வயதான அம்மாவின் மருந்தை மறந்துவிட்டு முகப்பில் உட்கார்ந்து ஜபம் செய்தால் அதற்குப் பெயர் வைராக்கியம், அதாவது பற்றின்மை, இல்லை.

அதே கதையில் திருவிடைமருதூர் பகுதியும் உண்டு. கிழக்குக் கோபுர வாசலில் பட்டினத்தார், மேற்கு வாசலில் அவர் சீடர் பத்திரகிரியார். பிச்சை கேட்டு வந்தவரிடம், "மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் கேள்" என்று பட்டினத்தார் அனுப்பினாராம். அரசையே விட்டு வந்த பத்திரகிரியாரிடம் அப்போது இருந்தது ஒரு திருவோடும் ஒரு நாயும். நாட்டை விட்டவருக்கு ஓடு போதும், பற்று ஒட்டிக்கொள்ள. பொருளின் அளவுக்கும் பற்றின் அளவுக்கும் சம்பந்தமில்லை. பர்மா தேக்குத் தூண் நிற்கும் வீட்டில் பற்றில்லாமல் இருக்கலாம். ஜபமாலையை யாராவது தொட்டால் சீறிக்கொண்டும் இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வரும் வெறுமையை மயான வைராக்கியம் என்பார்கள். வழக்கில் தோற்றபின், உறவில் கசந்தபின் வருவதும் அதே ரகம். அந்த வேகத்தில் பூர்வீக வீட்டுப் பங்கை எழுதிக் கொடுக்காதீர்கள். பாட்டி புழங்கிய பித்தளையையும் பீங்கானையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு ஏற்றிவிடாதீர்கள். ஆறு மாதம் போகட்டும். அப்போதும் மனம் அதேபோல் லேசாக இருந்தால் கொடுங்கள். கசப்பில் கொடுத்தது பின்னால் இரண்டு மடங்கு பற்றாகத் திரும்பி வரும்.

ஒளி தெரிந்தது, மணியோசை கேட்டது, உடல் மிதந்தது என்று அனுபவங்களைச் சேர்ப்பதும் சேர்ப்புதான். வந்தால் வரட்டும், போகட்டும். நேற்று வந்தது இன்று வரவில்லையே என்று ஏங்கத் தொடங்கினால் ஒரு புதிய வாசனை உருவாகிவிட்டது. பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. பொய்யாமை, கொல்லாமை, பிறர் பொருளை விரும்பாமை எல்லாம் முதல் அங்கமான இயமத்திலேயே வருகின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து ஏழுக்கு வருகிறவர்களுக்கு இந்த ஏக்கம் அதிகம்.

துணையில்லாமல் துழாவவும் வேண்டாம். காரைக்குடிக்கு அருகிலேயே கோவிலூரில் தமிழில் வேதாந்தம் சொல்லி வந்த மடம் இருக்கிறது. குன்றக்குடியில் சித்தாந்த மரபின் ஆதீனம் இருக்கிறது. இரண்டும் ஒன்றே அல்ல. உயிரும் இறையும் ஒன்றா வேறா என்பதிலேயே பிரிகின்றன. ஏதாவது ஒன்றை ஒழுங்காகக் கேளுங்கள், கேட்டதைச் சிந்தியுங்கள், அப்புறம் உட்காருங்கள். தினமும் இருபது நிமிடம் தொடர்ந்து உட்காருவது, வாரக் கடைசியில் ஒரேயடியாக நாலு மணி நேரம் முயல்வதைவிட மேல்.

உட்கார ஆரம்பித்தபின் தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, காதில் குரல் கேட்டாலோ, வாழவே பிடிக்காமல் போனாலோ, அதை வினை எரிகிறது என்று எடுத்துக்கொண்டு தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்தக் குரு சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.