ஃபிளாப் வைத்தபின் நடக்கும் தவறுகள்: நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

வாய்ப் புற்றுநோய்க்காகக் கன்னத்தை வெட்டி எடுத்தவருக்கும், விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிபவருக்கும் தொடையிலிருந்து தோலும் கொழுப்புமாக ஒரு பகுதியை எடுத்து வைப்பதுண்டு. மருத்துவர்கள் இதைப் 'பெர்ஃபோரேட்டர் ஃபிளாப்' என்பார்கள். வீட்டார் 'தோல் ஒட்டு வைச்சிருக்காங்க' என்பார்கள். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. தோல் ஒட்டுக்குத் தனி ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் சதையை நம்பிப் பிழைக்கும், வெறும் எலும்பின்மேல் பிடிக்காது. ஃபிளாப்போ தன் ரத்தக்குழாயோடு வருகிறது. தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் அந்தக் குழாயைத் தேடிப் பிரித்து, அது கிளம்பும் தமனியையும் சிரையையும் புது இடத்துக் குழாய்களோடு மைக்ரோஸ்கோப்பின் கீழ் தைக்கிறார்கள். குழாயின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். 1989இல் ஜப்பானின் கோஷிமாவும் சோயெடாவும் வயிற்றுத் தசையை எடுக்காமலே இப்படி ஃபிளாப் எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த முறை பரவியது.

தைத்த இடத்தில் ரத்தம் கட்டினால், பெரும்பாலும் அது முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்கும். 'வெளுத்தால்தான் ஆபத்து' என்று நினைப்பது பெரிய தவறு. வெளுப்பதும் குளிர்வதும் தமனி அடைத்ததன் அடையாளம். அதைவிட அதிகம் அடைபடுவது சிரை. வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் ஃபிளாப் நீலம் பாய்ந்து வீங்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப இரண்டு மூன்று வினாடி ஆக வேண்டும். சிரை அடைத்திருந்தால் சட்டென்று திரும்பிவிடும். இந்த வேகத்தைப் பார்த்து 'ஓட்டம் ஜோரா இருக்கு' என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியும் முழு நம்பிக்கைக்கு உரியதில்லை. சிரை அடைத்த பிறகும் தமனி கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருக்கும்.

நிறத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். தொடைத் தோல் முகத்தைவிட இயல்பிலேயே வெளிர். அதனால் கன்னத்தில் வைத்த ஃபிளாப்பைத் தொடையோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்கு நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு, 'காலையில் ரவுண்ட்ஸுக்கு வருவாங்க' என்று இருந்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது. உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனால் ரத்தக்கட்டியை அகற்றி மறுபடி தைக்கலாம். பல மணி நேரம் கழிந்தால் பெரிய குழாயைத் திறந்தும் பயனில்லை. உள்ளே நுண்குழாய்கள் வீங்கி அடைத்திருக்கும். டியூட்டி டாக்டரை எழுப்பத் தயங்க வேண்டாம்.

கழுத்துக் குழாய்களோடு தைத்திருந்தால், மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் ட்ரக்கியாஸ்டமி குழாயை இறுக்கிக் கட்டிய நாடாவே சிரையை நெரிக்கும். தலையைத் தைத்த பக்கமாகத் திருப்பிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். ஏசியைக் கூட்டி வைத்தால் குழாய்கள் சுருங்கும்.

பீடி, சிகரெட்டை அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிக்கோடின் சூயிங்கம்மும் அதே நிக்கோடின்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காலில் ஃபிளாப் வைத்தவர் 'இனிமே சரியாயிடுச்சு' என்று தானாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது. டாக்டர் சொன்ன நாளில், கட்டுச் சுற்றி, முதலில் சில நிமிடங்கள் மட்டும். மறுநாள் கொஞ்சம் கூட்டலாம்.